அந்த ஆறு வரிக்கு வெளியே பாருங்கள்

கேள்வி: கோவையில் ஒரு நிறுவனத்தின் எம்பெடட் பிரிவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். மின்மீட்டர்களிலிருந்து ரீடிங் எடுத்து சர்வருக்கு அனுப்பும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டிக்கு சி மொழியில் எழுதுகிறோம். இந்த வருடத்திலிருந்து மற்றவர்களின் பேட்ச்களை (கோடில் செய்யும் மாற்றங்களை) ரிவ்யூ செய்யும் பொறுப்பும் வந்திருக்கிறது. சில வாரங்களுக்கு முன் ஆறே வரி சேர்த்து ஒரு பேட்ச் வந்தது. மீட்டர் அனுப்பும் ஃபிரேமின் (ஒரு தகவல் பொட்டலத்தின்) நீளம் அளவுக்கு மீறி இருந்தால் லாகில் எழுதிவிட்டு -1 ரிட்டர்ன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நாலு முறை படித்தேன், தவறே தெரியவில்லை, ஓகே போட்டுவிட்டேன். இப்போது வெளியூர்களில் மாட்டிய பெட்டிகள் ஒன்பது நாளுக்கு ஒருமுறை மெமரி தீர்ந்து ரீஸ்டார்ட் ஆகின்றன. மற்ற புரோகிராம்கள் எடுத்துக்கொண்டது போக 64 எம்பி மிஞ்சும் பெட்டி அது. காரணம் அந்த ஆறு வரிதான் என்கிறார்கள். "இதை எப்படிம்மா விட்டே?" என்று டீம் லீட் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஃபங்ஷனை முழுதாக இணைத்திருக்கிறேன். எரர் ஹேண்ட்லிங்கையும் மெமரியையும் ரிவ்யூவில் எப்படித்தான் பார்ப்பது? இன்னொன்று, பேட்ச் எழுதியவர் என்னைவிடப் பத்து வருடம் சீனியர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கோடில் குறை என்று எப்படி எழுதுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: நாலு முறை படித்தும் தவறு தெரியாததற்குக் காரணம் எளியது. அந்த ஆறு வரியில் தவறு இல்லை. நீங்கள் நாற்பது முறை படித்திருந்தாலும் தெரிந்திருக்காது.

உங்கள் ஃபங்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். 165-ஆம் வரியில், போர்ட் திறக்கவில்லை என்றால் -1 ரிட்டர்ன் என்று ஏற்கெனவே ஒரு செக் இருக்கிறது. 171-ஆம் வரியில் மால்லாக் (மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) போட்டு 4 கேபி பஃபர், அதாவது தற்காலிக மெமரி, வாங்குகிறீர்கள். 212-ஆம் வரியில் அண்ணா சேர்த்த புது செக். 268-இல், கடைசியில், 'அவுட்' என்ற லேபிளுக்குக் கீழே அந்த பஃபரை ஃப்ரீ செய்கிறீர்கள், அதாவது திருப்பிக் கொடுக்கிறீர்கள். அண்ணா என்ன செய்திருக்கிறார் என்றால், 165-இல் இருந்ததை அப்படியே எடுத்து 212-இல் போட்டிருக்கிறார். எழுத்துக்கு எழுத்து அதே ரிட்டர்ன். 165-இல் அது சரி, 212-இல் தவறு. இரண்டுக்கும் நடுவில் 171 வந்துவிட்டது. அதைத் தாண்டிய பிறகு யாரும் நேராக வெளியே போகக் கூடாது, 'அவுட்' வழியாகத்தான் போக வேண்டும். அது எங்கும் எழுதப்படாத சட்டம், கம்பைலருக்கும் தெரியாது.

கெட்ட ஃபிரேம் ஒவ்வொன்றுக்கும் 4 கேபி போகிறது. 64 எம்பி தீர 16,384 கெட்ட ஃபிரேம் வேண்டும். ஒன்பது நாளுக்கு 12,960 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு ஒன்றேகால் ஃபிரேம் கெட்டால் உங்கள் பெட்டி சரியாக ஒன்பது நாளில் விழும். பெரிய மோட்டார்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போன ஆர்எஸ்-485 ஒயரில் நிமிடத்துக்கு ஒன்று கெடுவதெல்லாம் சர்வ சாதாரணம். உங்கள் ஆபீஸ் மேஜையில் ஒரு மீட்டர் நீள ஒயரில் ஒன்றுகூடக் கெட்டிருக்காது. டெஸ்டிங்கில் ஏன் சிக்கவில்லை என்று லீட் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணாவின் நோக்கம் அருமையானது. வெளியிலிருந்து வரும் நீளத்தை நம்பாதே என்பது இந்தத் தொழிலில் ரத்தம் சிந்திக் கற்ற பாடம். 2014 ஏப்ரலில் உலகத்தையே உலுக்கிய ஹார்ட்பிளீட் அதுதான்: எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் இணைய இணைப்புகளைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தன் மெமரியிலிருந்து ஒரு தடவைக்கு 64 கேபி வரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த செக்கைச் சேர்க்க நினைத்தவரைக் குறை சொல்ல முடியாது. செக் தேவை. அது வெளியேறிய கதவுதான் தவறு.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்) காட்டும் டிஃப்பில், அதாவது மாற்றப் பட்டியலில், மாறிய வரிக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி தெரியும். உங்கள் மால்லாக் நாற்பத்தொரு வரி மேலே இருந்தது. திரையில் வராத ஒன்றை எப்படிப் பார்த்திருப்பீர்கள்? கிட் டிஃப் கட்டளையோடு ஹைஃபன் போட்டு பெரிய டபிள்யூ சேர்த்தால் மாறிய ஃபங்ஷன் முழுவதும் வரும். நான் ரிவ்யூ என்று உட்கார்ந்தால் முதலில் செய்வது அதுதான். சில நேரம் பிரிண்ட் எடுத்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள், பென்சிலுக்கு இணையான டூல் இன்னும் வரவில்லை.

முழு ஃபங்ஷன் கைக்கு வந்ததும் மேலிருந்து படிக்காதீர்கள். கடைசியிலிருந்து தொடங்குங்கள். எதையெல்லாம் விடுவிக்கிறார்கள், எந்த வரிசையில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேலே போய், இவர்கள் கையில் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். மால்லாக், ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்ட்ர்டப், ஃபைல் திறப்பது, சாக்கெட், மியூடெக்ஸ் பூட்டுவது, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (ஒன்றை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) ஏற்றுவது எல்லாமே இதில் சேரும். பிறகு எல்லா ரிட்டர்னையும், எல்லா கோட்டூவையும் (ஒரு லேபிளுக்கு நேராகத் தாவும் கட்டளை) வட்டமிட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் நின்று ஒரே கேள்வி: இந்த நிமிடத்தில் என் கையில் என்னவெல்லாம் இருக்கிறது, இந்த வழியாகப் போனால் அதை யார் வாங்கிக்கொள்வார்கள்? மாறிய வரியில் வட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும். பேட்ச் நடுவில் புதிதாக ஒரு மால்லாக்கைச் சேர்த்தால், அதற்குக் கீழே பல வருடமாக ஒழுங்காக இருந்த ரிட்டர்ன்கள் எல்லாம் ஒரே நொடியில் தவறாகிவிடும். டிஃப்பில் அவை ஒன்றும் வராது.

கோட்டூ என்றதும், அதைத் தொடவே கூடாது என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்திருக்கும். அதை மறந்துவிடுங்கள். லினக்ஸ் கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) கோடிங் ஸ்டைல் ஆவணத்தில் ஏழாவது பகுதியே இதற்குத்தான்: பல இடங்களிலிருந்து வெளியேறும் ஃபங்ஷனில், விடுவிக்கும் வேலை பொதுவாக இருந்தால், கோட்டூ போட்டு ஒரே இடத்துக்கு வா என்கிறது. லேபிளுக்கு எரர் ஒன்று, எரர் இரண்டு என்று பெயர் வைக்காதே, அங்கே என்ன நடக்கிறதோ அதையே பெயராக வை என்றும் சொல்கிறது. 'பஃபரை விடு', 'ஃபைலை மூடு' என்பது போல. இது அழகுக்காக இல்லை. 'எரர் மூன்று' என்று படிக்கும் ரிவ்யூவருக்கு அங்கே என்ன நடக்கும் என்று கீழே போய்த்தான் பார்க்க வேண்டும். 'பஃபரை விடு' என்றால் வந்த இடத்திலேயே தெரியும், பஃபர் கையில் இருக்கிறதா இல்லையா என்று.

அதே ஆவணம் இன்னொரு வகைத் தவறையும் காட்டுகிறது. உங்கள் கோடில் இல்லை, ஆனால் வரும். ஒரு ஸ்ட்ரக்ட் (பல தகவல்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு), அதற்குள் ஒரு பஃபர். கடைசியில் ஒரே ஒரு லேபிள். அதில் முதலில் ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் பஃபரை ஃப்ரீ, பிறகு ஸ்ட்ரக்டை ஃப்ரீ. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஸ்ட்ரக்டுக்கே மெமரி கிடைக்காமல் அந்த லேபிளுக்கு வந்தால்? நல் பாயிண்டருக்குள், அதாவது எதையும் சுட்டாத முகவரிக்குள், கைவிட்டு பஃபரைத் தேடுவீர்கள். அங்கேயே விழும். நல் பாயிண்டரை ஃப்ரீக்குக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்பது உண்மை, நல் பாயிண்டருக்குள் இருப்பதைக் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. லேபிளை இரண்டாகப் பிரித்தால் தீர்ந்தது.

கையில் இருப்பதைப் பார்த்தாயிற்று. அதே வட்டத்தில் நின்று இரண்டாவது கேள்வி: இப்போது ரிட்டர்ன் ஆகப்போகும் மதிப்பு என்ன?

இதை ஆப்பிள் நிறுவனம் உலகத்துக்கே பாடமாகக் காட்டியது. 2014 பிப்ரவரி. பாதுகாப்பான இணைப்பில் சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷன். ஒவ்வொரு படியும் தோற்றால் 'ஃபெயில்' என்ற லேபிளுக்குப் போ என்று வரிசையாக இஃப்கள். ஒரு இடத்தில் 'கோட்டூ ஃபெயில்' வரி இரண்டு முறை விழுந்துவிட்டது. அடைப்புக்குறி போடாத இஃப், ஆகவே முதல் வரி மட்டும்தான் அதற்குச் சொந்தம். இரண்டாவது எப்போதும் ஓடும். அதற்குப் பிறகு இருந்த உண்மையான சரிபார்ப்பு ஓடவே இல்லை. இதுவரை எல்லோரும் பேசியது, போதும் போதும் என்ற அளவுக்கு. ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த இரண்டாவது கோட்டூ 'ஃபெயில்' என்ற லேபிளுக்குத்தான் போனது. அப்படிப் போயும் ஃபங்ஷன் ஏன் வெற்றி என்று சொன்னது? எரர் வேரியபிளில் அப்போது பூஜ்யம் இருந்தது. அதற்கு முந்தைய படி ஜெயித்து, பூஜ்யத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. லேபிளின் பெயர் தோல்வி, கையில் கொண்டு போனது வெற்றி.

இந்த ரகம் தினமும் வருகிறது. 'ரெட்' என்று ஒரு வேரியபிள். மேலே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு அதில் பூஜ்யம் வாங்கியாயிற்று. அடுத்து மால்லாக், நல் வந்தால் கோட்டூ அவுட். ரெட்டில் எதையும் போடவில்லை. பூஜ்யமே ரிட்டர்ன் ஆகும். கூப்பிட்டவர் எல்லாம் சுபம் என்று நினைத்து, இல்லாத பஃபரில் எழுதப் போவார். சிலர் பாதுகாப்பு என்று நினைத்து ஃபங்ஷன் தொடக்கத்திலேயே ரெட்டில் பூஜ்யம் போட்டு வைப்பார்கள். என்னைக் கேட்டால் அது கெட்ட பழக்கம். மதிப்பே போடாமல் ரிட்டர்ன் ஆகும் வழி ஒன்று இருந்தால் கம்பைலர் எச்சரிக்க வாய்ப்பு உண்டு. பூஜ்யத்தைப் போட்டு அதன் வாயை நாமே அடைத்துவிடுகிறோம்.

எர்நோவும், அதாவது கடைசி எரரின் எண் இருக்கும் வேரியபிளும், இதோடு சேர்ந்ததுதான். எரர் வந்ததும் லாகில் எழுதி, ஃபைலை மூடி, பஃபரை விட்டு, கடைசியில் எர்நோவைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நடுவில் கூப்பிட்ட எதுவும் அதை மாற்றியிருக்கலாம். ஃப்ரீகூட மாற்றலாம். ஜிலிப்சியில் (லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரி) 2021-இல் வந்த 2.33 பதிப்பிலிருந்துதான் ஃப்ரீ எர்நோவைக் கெடுக்காது என்ற உறுதி வந்தது. உங்கள் பெட்டியில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். எதுவானாலும், எரர் வந்த கையோடு ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

கொஞ்சம் கஷ்டமான பகுதி இனிமேல்தான். ஒரு ஃபங்ஷன் தோற்றுவிட்டால் எதுவுமே நடக்கவில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது பல இடங்களில் பொய்.

வாங்கிய மெமரியின் அளவை மாற்றும் ரீஅல்லாக்கை எடுங்கள். அது நல் கொடுத்தால் பழைய மெமரி அப்படியே இருக்கும், அது இன்னும் உங்கள் பொறுப்பு. ஆனால் முக்கால்வாசிப் பேர் ரீஅல்லாக்கின் விடையைப் பழைய பாயிண்டரிலேயே வாங்குவார்கள். தோற்றால் பழைய முகவரி அழிந்து நல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய மெமரியை இனி யாராலும் விடுவிக்க முடியாது. ரிவ்யூவில் ரீஅல்லாக் வரியின் இரண்டு பக்கமும் ஒரே பெயர் இருந்தால் நின்று பாருங்கள். ஒரு வரியைப் படித்துத் தரும் கெட்லைன் இதைவிட வேடிக்கை. படிக்க ஒன்றும் இல்லை என்று -1 கொடுத்தாலும், அது வாங்கி வைத்த பஃபரை நாம்தான் ஃப்ரீ செய்ய வேண்டும். மேனுவலிலேயே எழுதியிருக்கிறது. 'தோற்றுவிட்டது, அதனால் ஃப்ரீ தேவையில்லை' என்று கமென்ட் எழுதிய கோடை நான் பார்த்திருக்கிறேன். ஒரே புரோகிராமில் பல வேலைகளைச் சேர்ந்து ஓட்ட உதவும் பீத்ரெட் ஃபங்ஷன்கள் எர்நோவில் போடாது, எரர் எண்ணையே ரிட்டர்ன் செய்யும். அதுவும் நேர்மறை எண்ணாக. பூஜ்யத்தைவிடக் குறைவா என்று செக் செய்தால் தோல்வி ஒருநாளும் கண்ணில் படாது.

நாளைக்கு டிவைஸ் டிரைவர் பக்கம் போனால் இன்னும் கூர்மையான கத்திகள் உண்டு. கெர்னலில் டிவைஸ் ரெஜிஸ்டர் என்ற ஃபங்ஷன் தோற்றால், அந்த டிவைஸை நேரடியாக ஃப்ரீ செய்யவே கூடாது, புட் டிவைஸ் மூலம் ரெஃபரன்ஸை விட வேண்டும் என்று அதன் தலைக்கு மேலேயே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். மின்சக்தி நிர்வாகத்துக்கான பிஎம் ரன்டைம் கெட் சிங்க் இன்னொன்று. அது தோற்றாலும் எண்ணிக்கையை ஏற்றிவிடும், நாம்தான் இறக்க வேண்டும். இதில் தடுக்கி விழுந்தவர்கள் அவ்வளவு பேர். 2020-இல், தோற்றால் தானே இறக்கிக்கொள்ளும் வேறொரு ஃபங்ஷனைச் சேர்த்தார்கள். ஆகவே பேட்சில் உங்களுக்குப் பழக்கமில்லாத ஃபங்ஷன் வந்தால், அது என்ன செய்யும் என்று படிப்பதைவிட, தோற்றால் எதை விட்டுவிட்டுப் போகும் என்று படியுங்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு ஆபத்து இருக்கிறது. நீங்கள் இனி எங்கு பார்த்தாலும் லீக்கை, அதாவது விடாமல் போன மெமரியை, தேடுவீர்கள். ஃப்ரீ சேர்க்கச் சொல்வீர்கள். லீக்கை அடைக்கும் பேட்ச்தான் எனக்கு எல்லாவற்றையும்விட பயம். லீக்கால் மெமரி போகும், பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். ஃப்ரீ செய்ததையே மறுபடி ஃப்ரீ செய்தாலோ, விட்ட பிறகு அதைத் தொட்டாலோ, வேறு எதற்கோ கொடுத்த மெமரி கெடும். எங்கே, எப்போது வெளிப்படும் என்று சொல்ல முடியாது. திருடனுக்கும் அதுதான் பிடித்த கதவு.

நானே செய்திருக்கிறேன். ஒரு நெட்வொர்க் சாதனத்தில், எரர் வழியில் பஃபரை விடவில்லை என்று கண்டுபிடித்து, ஒரே வரி பேட்ச் அனுப்பினேன். "மெமரி லீக் சரிசெய்யப்பட்டது." ரிவ்யூவர் ஒரே நிமிடத்தில் ஓகே. யாருக்குத்தான் லீக்கை அடைப்பதில் ஆட்சேபம்? நான் பார்க்காதது, இந்த ஃபங்ஷன் தோற்றால் கூப்பிட்டவரே பஃபரை விடுவார் என்று அங்கே ஏற்பாடு. நான் ஒரு தரம், அவர் ஒரு தரம். மூன்று மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத டைமர் கோடில் விழுந்தது. கண்டுபிடிக்க இரண்டு பேருக்குப் பதினோரு நாள் ஆனது. அதில் ஒருவன் நான்தான், ஆறு நாளுக்குப் பிறகே என் வரியைச் சந்தேகித்தேன்.

2020-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்தப் பலவீனத்தையே சோதித்துப் பார்த்தார்கள். சின்ன பக்கைத் திருத்துவது போலத் தோன்றும் பேட்சுக்குள், விட்ட மெமரியை மறுபடி தொடும் ஓட்டையை ஒளித்து வைத்தால் லினக்ஸ் கெர்னல் ரிவ்யூவர்கள் கண்டுபிடிப்பார்களா என்று. கேட்காமல் செய்த சோதனை, 2021-இல் பெரிய சண்டையானது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பேட்சே வாங்குவதில்லை என்று கெர்னல்காரர்கள் அறிவிக்கும் அளவுக்குப் போனது. செய்தது சரியா என்பது வேறு விஷயம். நமக்கு வேண்டியது, தலைப்பில் 'லீக்' என்ற சொல் இருந்தால் ரிவ்யூவரின் கண் தளர்ந்துவிடுகிறது என்பது. அங்கே ஃபங்ஷனோடு நிற்காதீர்கள். கூப்பிடுகிறவர்கள் எல்லோரையும் தேடிப் பிடித்து, தோல்வி வந்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பொருள் யாருடையது என்று கோடு சொல்லாவிட்டால், ஃபங்ஷன் தலையில் ஒரு வரி கமென்ட் கேளுங்கள்: "தோற்றாலும் பஃபர் கூப்பிட்டவருக்கே சொந்தம்." அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் பதினோரு நாள் மிஞ்சியிருக்கும்.

ஃப்ரீ செய்த பிறகு பாயிண்டரில் நல் போடுவது நல்ல மருந்துதானே என்று கேட்பீர்கள். ஸ்ட்ரக்டுக்குள் ரொம்ப நாள் வாழும் பாயிண்டர் என்றால் போடுங்கள். ஆனால் அதே முகவரியை வேறு இடத்தில் நகலெடுத்து வைத்திருந்தால் அந்த நகலில் நல் வராது.

'லினக்ஸில் மால்லாக் தோற்கவே தோற்காது, எதற்கு செக்' என்றும் யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. கெர்னல் கையில் இல்லாத மெமரியையும் தருவதாக வாக்குக் கொடுக்கும், பிறகு தீர்ந்துபோனால் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும். அதுதான் உங்கள் பெட்டியில் நடப்பது. ஆனால் மெமரி வரம்பு வைத்த பெட்டியில் தோற்கும். கேட்கும் அளவு வெளியிலிருந்து வந்தால் கட்டாயம் செக் வேண்டும். அதைவிட மோசம், தோற்க வேண்டிய இடத்தில் தோற்காமல் போவது. 32 பிட் பெட்டியில், 16 பைட் ரெக்கார்டுகள் 26,84,35,457 வேண்டும் என்று ஒரு கெட்ட ஃபிரேம் கேட்கிறது என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி மால்லாக்குக்குக் கொடுத்தால் 32 பிட்டில் வழிந்து மிஞ்சுவது வெறும் 16. மால்லாக் சந்தோஷமாக 16 பைட்டைக் கொடுக்கும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதுவது எல்லாம் அடுத்தவர் வீட்டில். கால்லாக்குக்கு இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் அதுவே பெருக்கலைச் சரிபார்க்கும். பெரிதாக்க வேண்டுமானால் ரீஅல்லாக்அர்ரே இருக்கிறது. ஓப்பன்பிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் பிறந்தது, ஜிலிப்சியிலும் 2.26-லிருந்து உண்டு.

டூல்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கொஞ்சம். மெமரி தவறுகளைப் பிடிக்கும் வால்கிரைண்ட், அட்ரஸ் சானிடைசர் இரண்டும் நல்லவை. சின்னப் பெட்டியில் மெமரி போதாது, ஆகவே ஃபிரேம் படிக்கும் பகுதியை மட்டும் உங்கள் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து அங்கே ஓட்டுங்கள். இவை ஓடிய வழியை மட்டும்தான் பார்க்கும் என்பது நினைவிருக்கட்டும். எரர் வழி டெஸ்டில் ஓடாது, அதனால்தானே அது எரர் வழி. அதை வலிய ஓட வைக்க வேண்டும். எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸை எழுதுபவர்கள் செய்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் மால்லாக்கைத் தோற்க வைத்து ஒரு டெஸ்ட், அப்புறம் இரண்டாவதைத் தோற்க வைத்து அதே டெஸ்ட், அப்புறம் மூன்றாவது. எதுவுமே தோற்காமல் முடியும்வரை. கர்ல் ப்ராஜெக்டிலும் இதே வித்தை உண்டு, அதற்குச் சித்திரவதை டெஸ்ட் என்றே பெயர். கம்பைல் ஆன பகுதிகளை ஒன்றுசேர்க்கும் லிங்கரில் ராப் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதை வைத்து உங்கள் சொந்த மால்லாக்கை நடுவில் நுழைக்கலாம். இருபது வரிக்கு மேல் ஆகாது. உங்கள் கேஸுக்கு அதுகூட வேண்டாம். நீளம் கெட்ட ஃபிரேம் பத்தாயிரத்தை உள்ளே தள்ளி, முன்னும் பின்னும் ப்ராசஸின் மெமரி அளவைப் பார்த்திருந்தால் 40 எம்பி ஏறியது தெரிந்திருக்கும். ரிவ்யூவில் இதைக் கேட்கலாம்: "இந்த செக்கைத் தொடும் டெஸ்ட் ஒன்று சேர்க்க முடியுமா?"

ஜிசிசி கம்பைலரின் க்ளீனப் ஆட்ரிப்யூட் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். வேரியபிள் எல்லை தாண்டியதும் தானே விடுவித்துக்கொள்ளும். லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இதை நிறையப் பயன்படுத்துகிறது, கெர்னலிலும் 2023-இல் 6.5 பதிப்பில் வந்துவிட்டது. நல்லதுதான். ஒரே ஃபங்ஷனில் பாதிக்கு அது, பாதிக்கு கோட்டூ என்று கலந்து வந்தால் மட்டும் திருப்பி அனுப்புங்கள். யார் எதை எப்போது விடுகிறார்கள் என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும்.

அண்ணா விஷயம். ரிவ்யூ கமென்டில் தீர்ப்பு எழுதாதீர்கள், ஒரு வழியை எழுதுங்கள். "இங்கே மெமரி லீக்" என்றால் தீர்ப்பு. "தவறாக இருந்தால் மன்னிக்கவும், எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஒருவேளை" என்று இழுத்தால் அவர் படிக்கவே மாட்டார். இப்படி எழுதிப் பாருங்கள்: "அண்ணா, ஃபிரேம் நீளம் 5,000 என்று வந்தால் 212-இல் ரிட்டர்ன் ஆகிறோம். 171-இல் வாங்கிய பஃபர் அப்போது கையில் இருக்கிறது. அதை யார் விடுவிப்பார்கள்?" உள்ளே போன மதிப்பு இருக்கிறது, வரி எண் இருக்கிறது, கேள்வி இருக்கிறது. நீங்கள் சரி என்றால் அவருக்கே தெரிந்துவிடும். நீங்கள் தவறு என்றால் ஏன் என்று அவர் ஒரு வரியில் சொல்வார், உங்களுக்கு ஒரு பாடம் மிச்சம். பத்து வருட அனுபவம் உள்ளவருக்கு இந்த வகைக் கேள்வி கோபம் தராது. மூன்று கமென்டுக்கு மேல் சேர்ந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து அவர் மேஜைக்குப் போங்கள். டீ குடிக்கும் நேரத்தில் தீரும்.

"இதை எப்படிம்மா விட்டே?" என்ற லீடிடம், டிஃப்பில் தெரியாத வரியில் இருந்தது, இனி முழு ஃபங்ஷனைத் திறந்து பார்க்கிறேன், அதற்கு ஒரு பேட்சுக்கு அரை மணி நேரம் கூடுதலாக வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த அரை மணி நேரத்தை அவர்தான் கொடுக்க வேண்டும். எழுதியவரும் டெஸ்ட் செய்தவரும் தாண்டி வந்ததற்கு ரிவ்யூவர் மட்டும் பொறுப்பு என்று நீங்களாகவே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய ஃபங்ஷனிலேயே இன்னொன்று கண்ணில் பட்டது. 255-இல் ரீடிங்கை ஃபைலில் எழுதி, 259-இல் மூடுகிறீர்கள். எஃப்ரைட் எத்தனை எழுதியது என்று செக் இருக்கிறது. எஃப்குளோஸ் என்ன சொன்னது என்று யாரும் பார்க்கவில்லை. ஃபிளாஷ் நிரம்பிப் போயிருந்தால் எஃப்ரைட் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது தன் பஃபரில்தான் எழுதி வைக்கிறது. இடம் இல்லை என்ற செய்தி மூடும்போதுதான் வரும். அதைப் பார்க்காமல் உங்கள் கோடு 262-இல் சேமித்துவிட்டதாக சர்வருக்குச் சொல்கிறது. லீக்கைத் திருத்தும் பேட்சோடு இதைக் கலக்காதீர்கள். தனியாக நீங்களே எழுதி அனுப்புங்கள், ரிவ்யூவர் இடத்தில் அண்ணா பெயரைப் போடுங்கள்.